செடி செத்தால் உங்களைத்தான் கூப்பிட வேண்டும்

டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் ஏ.எல். முடித்துவிட்டு வேலை தேடும் பத்துப் பேரின் சி.வி.யை வரிசையாக வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் டிப்ளோமா. ஸ்போக்கன் இங்கிலிஷ். ஸ்கூல் பிரிஃபெக்ட். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அப்புறம் இண்டர்வியூ போர்ட்டைத் திட்டி என்ன பிரயோசனம்?

கொழும்புக்குப் போகிறவர்கள் போகட்டும். தோட்டத்தில் ஃபீல்ட் ஸ்டாஃப், தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னிக்கல் வேலை, சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகார சபையில் எக்ஸ்டென்ஷன் வேலை என்று குறி வைத்திருப்பவர்களிடம்தான் இந்தப் பேச்சு. உங்களோடு போட்டி போடுகிறவர்களில் அநேகமாக யாரிடமும் இல்லாத ஒரு ஸ்கில் இருக்கிறது. மலையில் ஒரு தேயிலைச் செடி செத்தால், தூரைத் தோண்டி, வேரைக் கழுவி, எந்தப் பங்கசு கொன்றது என்று ஆதாரத்தோடு சொல்வது. மற்றவர்கள் "வெயிலுக்குக் காஞ்சிருச்சு சேர்" என்பார்கள். நீங்கள் வேரைக் காட்டுவீர்கள்.

துரை ஏன் காது கொடுப்பார்? கணக்கைப் பாருங்கள். நாலடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்ட வி.பி. மலையில் (வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த தேயிலை) ஏக்கருக்கு 5,445 செடி. வேர் நோய் முப்பதடி விட்டத்தில் ஒரு வட்டத்தைக் கொன்றால் ஏறக்குறைய 88 செடி போயிற்று. அதே இடத்தில் அவசரப்பட்டுக் கன்று வைத்தால் கன்றும் சாகும். வேக்கன்சியில் புல் ஏறும், மழைக்கு மண் கரையும், கொழுந்து நிறை குறையும். இது மொத்தமும் கொம்பனிக்குக் காசு. காசு கசிகிற ஓட்டையை முதலில் காட்டுகிற ஆளின் பெயர் துரையின் போனில் சேவ் ஆகும்.

1. செடியைப் பார்க்குமுன் இடத்தைப் பாருங்கள்.

மலைக்கு எதிர்ப்பக்கம் ஏறி நின்று செத்த இடத்தின் வடிவத்தை ஒரு போட்டோ எடுங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும். மின்னல் விழுந்த இடத்தில் செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அளவில் கருகியிருக்கும். வரட்சி என்றால் கல்லுத்தரையும் மேட்டு முதுகும்தான் முதலில் காயும். தண்ணீர் தேங்கிய இடம் பள்ளத்திலோ, அடைத்துக்கொண்ட கான் ஓரத்திலோ இருக்கும். வேர் நோய் இப்படியெல்லாம் வராது. நடுவில் முழுக்கச் செத்த செடி, அதைச் சுற்றி வாடிய செடி, அதற்கும் வெளியே மஞ்சள் தட்டத் தொடங்கிய செடி. நோய் நடுவிலிருந்து வெளியே நடந்து போயிருக்கிறது என்று அர்த்தம். மண்ணுக்குள் வேரோடு வேர் உரசும் இடத்தில்தான் அது அடுத்த செடிக்குத் தாவுகிறது.

நடுவில் என்ன இருந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரு பழைய மரக்கட்டை அகப்படும். கிரவிலியா, டடப் என்று துரைமார் சொல்லும் முள்முருங்கை, அல்லது காடு வெட்டிய காலத்து ஏதோ ஒன்று. நிழல் மரத்தை வெட்டி அடிக்கட்டையை அப்படியே விட்டால், கரி வேர் நோயின் வித்திகள் காற்றில் வந்து அந்த வெட்டுவாயில் உட்காரும். கட்டையின் வேர் வழியாக இறங்கித் தேயிலை வேரைப் பிடிக்கும். விறகுக்கு மரம் வெட்டி இரண்டு மூன்று வருடம் கழித்துச் செடி சாகும்போது, யாருக்கும் அந்த மரத்தின் ஞாபகமே இருக்காது. உங்களுக்கு இருக்க வேண்டும்.

2. கொழுந்து எடுக்கிறவர்களிடம் கேளுங்கள்.

சொல்லிக்கொடுக்காமலே தெரிய வேண்டிய விஷயம், ஆனால் புதிதாக ஷூ மாட்டிய தம்பிமார் பலருக்குக் கௌரவப் பிரச்சினை. ஒவ்வொரு ரவுண்டிலும் அதே நிரையில் நிற்கும் அக்காவுக்கு எந்தச் செடி எப்போது மஞ்சளானது என்று தெரியும். எந்த வருடம் எந்த மரம் வெட்டினார்கள் என்பது பென்ஷன் போன கங்காணித் தாத்தாவுக்குத் தெரியும். "அக்கா, இந்தப் பக்கம் எப்ப இருந்து இப்புடி இருக்கு?" என்று நின்று கேளுங்கள். கேட்டதைக் கொப்பியில் எழுதுங்கள், அவர் பார்க்கவே எழுதுங்கள். பிறகு உங்களுக்கு மேலே இருக்கும் ஐயா முன்னால் "இதைச் சொன்னது இந்த அக்காதான்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பெருந்தன்மைக்காக இல்லை. அடுத்த முறை செடி வாடும்போது தகவல் முதலில் உங்களிடம் வரும்.

3. சரியான செடியைத் தோண்டுங்கள்.

புதியவர்கள் நடுவில் நிற்கும் காய்ந்த செடியைத்தான் பிடுங்குவார்கள். பிடுங்குவதும் சுலபம், பார்வைக்கும் பயங்கரமாக இருக்கும். பிரயோசனமில்லை. செத்து நாளான வேரில் எறும்பும் கரையானும் வேறு பத்துப் பங்கசும் குடியேறியிருக்கும். கொன்றவன் போய்விட்டான், இருப்பவர்கள் செத்த வீட்டுக்கு வந்தவர்கள். ஓரத்தில், இப்போதுதான் வாடத் தொடங்கிய செடியைத் தேர்ந்தெடுங்கள். ஐயாவிடமும் கங்காணியிடமும் சொல்லிவிட்டுத் தோண்டுங்கள். கேட்காமல் ஒரு செடியைப் பிடுங்கினால் உங்கள் திறமையை விட அந்தக் கதைதான் முதலில் ஒபிசுக்குப் போகும். தூரைச் சுற்றி முள்ளால் மண்ணைத் தளர்த்தி, பென்சில் மொத்தத்துக்கு மேல் உள்ள வேர் இரண்டு மூன்றைப் பின்தொடருங்கள். வேர் அறுந்தால் மறுபடி தோண்டுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: கவ்வாத்துக் கத்தி, ஒரு போத்தல் தண்ணீர், பழைய டூத் பிரஷ், ஹேண்ட் லென்ஸ், பேப்பர், பொலித்தீன் பை, மார்க்கர் பேனா. ஜூன், ஜூலை மழையில் போனால் அட்டைக்கு உப்பு. எந்த மாதம் போனாலும், மரத்தில் குளவிக்கூடு இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள்.

4. கழுவுங்கள், தோலை உரியுங்கள், குறுக்கே வெட்டுங்கள்.

உங்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிற இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

வேரில் மண்ணும் சிறு கல்லும் ஒட்டிக்கொண்டு வந்தால் இரண்டு சந்தேக நபர்கள். கழுவிப் பிரஷ் போடுங்கள். மண் விட்டுப்போய், வேரின் மேல் சிவந்த கயிறு கயிறாகப் பங்கசு இழை தெரிந்தால் அது சிவப்பு வேர் நோய், பொரியா. இளம் இழை வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், முதிர்ந்தால் கறுப்பை நெருங்கும். ஒரே வேரில் மூன்று நிறத்தையும் காட்ட முடிந்தால் உங்கள் கேஸ் பலமானது. மேல்நாட்டுத் தேயிலையில் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

என்னதான் கழுவினாலும் மண்ணும் கல்லும் போகவில்லை, சீமெந்து பூசியதுபோல் கபிலப் பொருக்காக வேரோடு ஒட்டியிருக்கிறது என்றால் அது கபில வேர் நோய். வேரை வெட்டினால் உள்ளே கட்டையில் மெல்லிய கபிலக் கோடுகள் தேன்கூட்டு வலை மாதிரி ஓடும்.

வேரின் வெளிப்புறம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் செடி இலையோடு திடீரென்று செத்துவிட்டது. இங்கேதான் பலர் "நோய் இல்லை" என்று எழுதி மாட்டிக்கொள்வார்கள். தோலை உரியுங்கள். தோலுக்கும் கட்டைக்கும் நடுவே வெள்ளை விசிறி விசிறியாக இழை பரவியிருந்தால், கட்டையைக் குறுக்கே வெட்டும்போது ஒழுங்கில்லாத கறுப்புக் கோடுகள் தெரிந்தால், அது கரி வேர் நோய், உஸ்துலினா. தூரடியிலும் பக்கத்து மரக்கட்டையிலும் தேடினால் கரியைத் தட்டி ஒட்டியதுபோல் கறுப்புப் பொருக்கு அகப்படும். அதையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

நிழலும் ஈரமும் சருகும் சேர்ந்த இடத்தில் தூரடியில் கறுப்பு நூலாம்படை மாதிரி இழை படர்ந்திருக்கிறதா? தோலுக்கடியில் வெள்ளை இழை நட்சத்திர வடிவில் இருக்கிறதா? அது கறுப்பு வேர் நோய், ரொசெலினியா. சருகு வழியாகவும் இது நகரும். கான் அடைத்த பள்ளத்தில் வேர் ஊதா பிடித்து, புளித்த வாடை வந்தால் ஊதா வேர் நோய். கானை வெட்டித் தண்ணீரை வடிய விடாமல் இதற்கு எந்த வைத்தியமும் பேச வேண்டாம்.

கவ்வாத்து வெட்டிய பிறகு செடி துளிர்க்காமல் செத்தால் தனிக் கேள்வி. தோலுக்கடியில் விளக்குக் கரிபோல் கறுப்புத் தூள் இருந்தால் டிப்ளோடியா. ஆனால் அந்தப் பங்கசு பலவீனப்பட்ட செடியைத்தான் பிடிக்கும். வேரில் மாச்சத்துச் சேராத நேரத்தில் கவ்வாத்து வெட்டியதுதான் மூல காரணம். வெட்டுமுன் பென்சில் மொத்த வேரை நறுக்கி அயடீன் தொட்டுப் பார்ப்பார்கள். கருநீலம் ஆனால் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். இந்த டெஸ்டை ஸ்கூல் லெப்பில் நீங்களே செய்திருப்பீர்கள். இதே தோட்டத்தில் அதற்குச் சம்பளம் உண்டு என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

5. பங்கசு இல்லாததையும் சொல்லத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றிலும் பங்கசைக் காண்கிறவரை யாரும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள். வாதுக்குள் குடைந்து வாழும் கரையான் மேல்நாட்டில் உண்டு, தூரை வெட்டினால் பொந்து தெரியும். வேரைத் தின்னும் நெமட்டோட் புழு, பிரட்டிலெங்கஸ் லூசி, செடியை மெல்ல மெல்ல நோஞ்சானாக்கும். அதற்குக் கண் போதாது, மைக்ரோஸ்கோப் வேண்டும். இலையில் கொப்புளம் வந்தால் அது 1946இல் இந்த நாட்டுக்குள் நுழைந்த கொப்புள நோய். அதுவும் பங்கசுதான், ஆனால் காற்றில் வருவது, மண்ணில் இருப்பதில்லை. ரிப்போர்ட்டில் "இது ஏன் வரட்சி இல்லை, ஏன் மின்னல் இல்லை" என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரியை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

6. லெப்புக்கு அனுப்புவதிலும் நேர்த்தி வேண்டும்.

நல்ல கட்டையும் கெட்ட கட்டையும் சந்திக்கிற இடம் உட்பட வேர்த்துண்டு, தூர்ப்பகுதி, கொஞ்சம் மண். ஈரம் சொட்டச் சொட்டக் கட்டாதீர்கள், வழியில் பூஞ்சணம் பிடித்துவிடும். பேப்பரில் சுற்றிப் பைக்குள் போடுங்கள். லேபலில் தோட்டம், டிவிஷன், மலை நம்பர், நட்ட வருடம், குளோன், கடைசிக் கவ்வாத்துத் திகதி, பக்கத்தில் நின்ற மரம். தலவாக்கலை சென்கூம்ஸ் உங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. ஹட்டன், கொட்டகலை தாண்டினால் வந்துவிடும். நாட்டின் தேயிலை விஞ்ஞானம் முழுவதும் இருக்கும் இடம் பஸ் தூரத்தில் இருக்க, ஒரு தடவைகூட அந்தக் கேட்டைத் தாண்டாமல் தேயிலை வேலைக்கு அப்ளை பண்ணுகிறவர்களை என்னவென்று சொல்வது?

அந்த நிலையத்தின் முதல் டைரக்டர் யார் தெரியுமா? டொம் பெட்ச். இங்கிலாந்தில் பள்ளிக்கூட மாஸ்டராக இருந்து, காளான் ஆராய்ச்சியில் இறங்கி, 1905இல் இங்கே வந்தவர். பேராதனையில் இருந்துகொண்டு தோட்டம் தோட்டமாக வந்த செத்த வேர்களைப் பார்த்தார். 1923இல் தேயிலைச் செடியின் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1925இல் நிலையம் உருவானபோது தலைமை நாற்காலிக்குப் போனார். இந்தத் துறையில் மாஸ்டர் வேலையிலிருந்து டைரக்டர் வரை ஏற முடிந்திருக்கிறது. இண்டர்வியூவில் அந்தப் பெயரைச் சும்மா உதிர்த்துவிடாதீர்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள், அப்போதுதான் எடுபடும்.

7. ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள்.

துரைக்கு வாசிக்க நேரமில்லை, சின்னத்துரைக்குப் பொறுமையில்லை. மேலே இடமும் திகதியும். அடுத்து செத்தது எத்தனை, வாடியது எத்தனை, மஞ்சள் எத்தனை. ஒரு கைப்பட வரைந்த ஸ்கெட்ச், போனில் எடுத்த ஜி.பி.எஸ். புள்ளி. மூன்று போட்டோ: வட்டம், கழுவாத வேர், கழுவிய வேர், பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனா. பிறகு "சந்தேகம்: சிவப்பு வேர் நோய்" என்று எழுதுங்கள். "உறுதி" என்ற சொல் லெப் ரிசல்ட் வரும்வரை உங்களுடையதல்ல. எவ்வளவு தெரியும் என்பதோடு எங்கே நிறுத்திக்கொள்கிறீர்கள் என்பதையும் மேலிடம் பார்க்கிறது.

இன்னொரு விஷயம், அரசியல். ரிப்போர்ட் முதலில் உங்களுக்கு நேர் மேலே இருக்கும் ஐயாவிடம் போகட்டும். அவரைத் தாண்டி நேரே துரைக்கு வாட்ஸ்அப் போட்டால் ஒரு நாள் பாராட்டு, பல வருடப் பகை. அவருடைய பெயரையும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் பெயரும் திகதியும் அடியில் இருக்கட்டும். அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஃபேஸ்புக்கில் செத்த செடிப் படம் போடுவது வேலைக்கு உலை.

8. "என்ன மருந்து அடிக்கலாம்?" என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள்.

இண்டர்வியூவிலும் கேட்பார்கள், மலையிலும் கேட்பார்கள். மருந்துக் கொம்பனி ரெப் ஒரு பெயர் சொல்வார், அவருக்கு டார்கெட் இருக்கிறது. உங்கள் பதில் வேறு. வேர் அழுகிச் செத்த செடியை எந்த ஸ்பிரேயும் எழுப்பாது. வேலை மண்ணுக்குள் இருக்கிறது. செத்ததையும், அதைச் சுற்றி நல்லதுபோல் நிற்கும் செடிகளையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். மேலே பச்சையாக நிற்கும் செடியின் வேரில் நோய் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். பென்சில் மொத்த வேர்வரை பொறுக்கி அந்த இடத்திலேயே எரிக்க வேண்டும். மலை முழுக்க இழுத்துக்கொண்டு போனால் நோயை நீங்களே விதைக்கிறீர்கள். பிறகு குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணைத் தேற்ற வேண்டும். ஒரு காலத்தில் பொலித்தீன் விரித்து மெதைல் புரோமைட் வாயு ஏற்றி மண்ணைச் சுத்தம் செய்தார்கள். ஓசோன் படலத்தைக் காக்க வந்த மொன்றியல் உடன்படிக்கையோடு அந்தக் குறுக்குவழி அடைபட்டது. இப்போது எந்த மருந்து, எந்த அளவு என்பதை ஆராய்ச்சி நிலையத்தின் நடப்புச் சுற்றறிக்கையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். "பார்த்துச் சொல்கிறேன் சேர்" என்பதும் முழுமையான பதில்தான்.

வரும் முன் காப்பது பற்றிக் கேட்டால் நிழல் மரத்துக்குத் திரும்புங்கள். மரத்தை வெட்டினால் கட்டையோடு வேரையும் கிளப்ப வேண்டும். இல்லையென்றால் வெட்டுமுன் பட்டையை வளையமாக உரித்து, வேரில் உள்ள மாச்சத்து வற்றும்வரை மரத்தை நிற்க விட வேண்டும். தின்ன ஒன்றுமில்லாத வேரில் பங்கசுக்கு வேலையில்லை. பட்ஜெட் பேசும் துரைக்கு இந்த யோசனை பிடிக்கும், செலவு குறைவு.

9. இந்த ஸ்கில்லை டிக்கோயாவோடு நிறுத்தாதீர்கள்.

வேரைப் படிக்கப் பழகிய கண் மற்றப் பயிருக்கும் உதவும். புகையிலையில் கருந்தண்டு நோய் வந்தால் தண்டை நீளவாக்கில் பிளப்பார்கள், உள்ளே சோறு வில்லை வில்லையாகப் பிரிந்திருக்கும். உருளைக்கிழங்கோ தக்காளியோ வாடினால் தண்டை வெட்டி ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்துவார்கள். வெண்மையான சளி நூலாக இறங்கினால் அது பக்டீரியா, பங்கசு இல்லை. நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் இந்த ஒரு கிளாஸ் தண்ணீரே உங்கள் விசிட்டிங் கார்ட்.

பெரிய ரகசியம் இனித்தான் வருகிறது. உங்கள் மலையில் தேயிலையைக் கொல்லும் கரி வேர்ப் பங்கசுக்கு இப்போதைய விஞ்ஞானப் பெயர் கிரெட்ஸ்மாரியா டியூஸ்டா. இங்கிலாந்தில் ரோட்டோர பீச் மரங்களை அடியோடு சாய்க்கும் அதே ஆசாமி. மேலே மரம் பச்சையாக நிற்கும், அடி நொறுங்கிக் கார் மேல் விழும். கபில வேர் நோயின் பங்கசு ஹொங்கொங், தாய்வான், பிரிஸ்பேன் நகரங்களில் தெருமரங்களைக் கொல்கிறது. அங்கெல்லாம் மரம் விழுமுன் கண்டுபிடிக்கும் ஆளுக்கு ஆர்போரிஸ்ட் என்று பெயர், தகுதிச் சான்றிதழ் உண்டு, நல்ல சம்பளம் உண்டு. வெளிநாட்டுக் கனவு இருப்பவர்கள் ஹோட்டல் கோர்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். விஞ்ஞானப் பெயர்களை இன்றிலிருந்தே மனப்பாடம் செய்யுங்கள். அந்தப் பெயர்களுக்கு விசா தேவையில்லை.

படிப்பு வேண்டுமென்றால் வழி இருக்கிறது. பயோ பாடம் செய்தவர்களுக்குப் பேராதனை விவசாய பீடம், பதுளை ஊவா வெல்லஸ்ஸ. ஏற்கெனவே தோட்டத்தில் ஸ்டாஃபாக இருப்பவர்களுக்கு அத்துருகிரிய தோட்ட முகாமைத்துவ நிறுவகத்தின் கோர்ஸுகள். சிங்களமும் இங்கிலிஷும் இல்லாமல் இவை எதிலும் தூரம் போக முடியாது. பங்கசின் பெயர் மூன்று மொழியிலும் வாயில் வர வேண்டும்.

10. ஃபைல் ஒன்று திறவுங்கள்.

சேர்ட்டிபிக்கேட் ஃபைல் இல்லை, கேஸ் ஃபைல். ஒரு சிவப்பு வேர், ஒரு கரி வேர், ஒரு "நோய் இல்லை, கான் அடைப்பு". மூன்று கேஸ் போதும். ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரு பக்க ரிப்போர்ட்டும் படங்களும். கொம்பனியின் அனுமதி இல்லாமல் தோட்டத்தின் பெயரை வெளியே காட்டாதீர்கள், மறைத்துவிட்டுக் காட்டலாம். லெப் ரிசல்ட் வந்தால் ஐயாவிடம் கேட்டு ஒரு கொப்பி வாங்கிச் சேர்த்து வையுங்கள். உங்கள் சந்தேகமும் லெப் ரிசல்டும் ஒன்றாக இருக்கும் பக்கத்தை முதலில் வையுங்கள். ஒத்துப்போகாத பக்கம் இருந்தால் அதை இரண்டாவதாக வையுங்கள், ஏன் மாறியது என்று கீழே எழுதி. போர்ட்டில் விஷயம் தெரிந்த ஆள் ஒருவராவது இருப்பார். அவர் அந்த இரண்டாம் பக்கத்தில்தான் நிற்பார், அங்கிருந்துதான் கேள்வி வரும். சம்பளப் பேச்சு அதற்குப் பிறகு.